முப்பத்தெட்டாவது பல்லுக்குக் கை தூக்கியவர்

சங்கத் தலைவர் குரூஸ் பொய் சொன்னார். மைக்கில் சொன்னார். கழுத்தில் மாலையோடு சொன்னார்.

"அந்தக் காலத்தில பட்டறையில இருந்த ஒரு பொம்பிளை, கணக்குப் பிழைச்சு எங்கட வின்ச்சுக்கு ஒரு பல்லைக் கூடுதலா வெட்டிப்போட்டா. சங்கம் பெருந்தன்மையா ஒண்டும் சொல்லேல்லை."

சனம் சிரித்தது. அந்தப் பொம்பிளை நான்தான். இரண்டாவது வரிசையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தேன். சிரித்தவர்களில் என் பக்கத்தில் இருந்தவளும் ஒருத்தி. பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அன்று எங்கள் கரையில் புதிய மின்சார வின்ச் திறப்பு விழா. வள்ளங்களைக் கடலிலிருந்து மணலுக்கு இழுத்து ஏற்றும் பழைய கை வின்ச்சைக் கழற்றி ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். கழற்றியவர் டவுனில் புதுப் பட்டறை வைத்திருக்கும் எஞ்சினியர் டிலக்சன். அதன் பெரிய பற்சில்லை எண்ணிப் பார்த்திருக்கிறார், முப்பத்தெட்டுப் பல். வின்ச்சைச் செய்தவர்களின் வரைபடத்தில் முப்பத்தேழு. ஏன் ஒன்று கூட என்று தலைவரிடம் கேட்டிருக்கிறார். கேட்டதில் தப்பில்லை. கேட்ட இடம் தப்பு.

விழா முடிந்ததும் டிலக்சன் என்னிடம் வந்தார். "மிஸ், குறை நினைக்காதேங்கோ. என்ன நடந்ததெண்டு எழுதித் தாங்கோ. பட்டறையில மற்றப் பிள்ளையளும் வாசிக்கட்டும்" என்றார். எழுதுகிறேன். என் வேலைக்காலம் முழுவதிலும் பல்லின் எண்ணிக்கையைப் பிழையாகச் சொன்னதில்லை. எனக்கென்று இருக்கும் பெயர் அது ஒன்றுதான். அதைத்தான் குரூஸ் மைக்கில் எடுத்துப்போனார்.

நான் பட்டறைக்குப் போனது பில் எழுதத்தான். அன்சார் நானாவின் வாப்பா நடத்திய லேத் பட்டறை அது. பில்லில் சாமானின் அளவு எழுத வேண்டும். அளவு சொல்ல வேண்டியவர்கள் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். பொறுத்துப் பார்த்துவிட்டு நானே அளக்கத் தொடங்கினேன். அளந்ததும் கணக்கு வந்தது, கணக்கு வந்ததும் மெசின் வந்தது. என் பயிற்சி அவ்வளவே. பிறகு யுத்தத்தில் அவர்கள் புத்தளம் போக வேண்டி வந்தது. நாங்கள் வேறு வேறு இடங்களுக்குப் போக வேண்டி வந்தது. அதைப்பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், நான் எழுதவில்லை. நானா திரும்பி வந்து பட்டறையைத் திறந்தபோது என்னைக் கூப்பிட்டார். போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

ஊரில் எனக்குப் பெயர் 'பல்லு மிஸ்'. இதனால் வந்த தொல்லை கொஞ்சமில்லை. ஒரு பெரியவர் அரிப்புக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்து, என் மேசைக்கு முன்னால் இருந்து வாயைத் திறந்தார். நானா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "இஞ்ச நாங்க இரும்புப் பல்லுத்தான் பாக்கிறது, ஐயா" என்றார். கிழவர் கன்னத்தைப் பிடித்தபடி, "இரும்பெண்டாலும் பரவாயில்லை தம்பி" என்றார்.

கொண்டச்சிப் பக்கத்து மில்காரர் ஒருவருக்குத் தேய்ந்துபோன சில்லுக்குப் பதிலாகப் புதிது வெட்டிக் கொடுத்தோம். ஒரு கிழமையில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். புதுச் சில்லு சத்தம் போடவில்லையாம். பழைய சில்லு போட்ட சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டு, மில் திறந்திருக்கிறது என்று சனம் நெல்லோடு வருமாம். "சத்தம் வாற மாதிரி வெட்டித் தாங்கோ" என்று மன்றாடினார். வெட்டிக் கொடுத்தோமா என்று கேட்காதீர்கள். இப்படிப்பட்ட ஆட்களுக்கு நடுவில்தான் நான் கணக்குப் பார்த்தேன்.

இனி வின்ச்.

யுத்தத்தில் மூடியிருந்த கடல் மீன்பிடிக்கத் திரும்பத் திறந்த பிறகு ஒரு திட்டத்தில் எங்கள் கரைக்கு வின்ச் தருவதாகச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை போட்டார்கள். ஒரு கரைக்கு ஒரு சங்கம்தான் இருக்கலாம். எங்களுக்கு இரண்டு இருந்தன. மேற்குப் பக்கத்துக்குக் குரூஸ், கிழக்குப் பக்கத்துக்குச் செபமாலை. இருவரும் ஒரே பூசைக்குப் போய், ஒரே கோப்பியைக் குடித்து, இரண்டு சங்கம் நடத்தினார்கள். வின்ச்சுக்காகச் சங்கங்களைச் சேர்த்தார்கள். குரூஸ் தலைவர், செபமாலை செயலாளர். பொதுச் சாமான் எதுவானாலும் இரண்டு பக்கத்துக்கும் சரிபாதி என்று முதல் விதி எழுதினார்கள். கயிற்றை நடுவில் முடிச்சுப் போட்டுப் பிரித்தார்கள். வின்ச் கொட்டிலுக்குக் கூரை வேயப் பன்னிரண்டு தென்னோலைக் கிடுகு வாங்கி, ஆறு ஆறாக இரண்டு பக்கத்தாரும் கட்டினார்கள். கொட்டில் இரண்டு பக்கத்துக்கும் சாய்ந்தது.

வாடைக்காற்று தொடங்கப்போகும் ஒரு காலை. எல்லா வள்ளங்களும் மேலே ஏற வேண்டும். யாருடைய வள்ளம் முதலில்? அதற்கு விதியில்லை. சரிபாதி விதி மட்டும்தான் இருந்தது. ஆகவே குரூஸின் வள்ளத்தையும் செபமாலையின் வள்ளத்தையும் ஒரே கொக்கியில் கட்டி, ஒரே நேரத்தில் இழுத்தார்கள். பற்சில்லில் மூன்று பல் பறந்தது. இரண்டு வள்ளமும் சரிபாதியாகக் கடலுக்குத் திரும்பிப் போயின.

அந்தச் சில்லைச் சாக்கில் போட்டுக்கொண்டு இருவரும் பட்டறைக்கு வந்தார்கள். மற்ற வள்ளங்கள் எல்லாம் தண்ணீரில் நின்றன. காற்று கூடினால் ஒன்றோடொன்று அடித்து உடையும்.

அன்சார் நானாவைப்பற்றி இங்கே சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் சொல்லும் எண்ணை அவர் காதில் வாங்க மாட்டார். சில்லை மேசையில் வைத்து ஒரு பல்லில் சோக்கால் புள்ளி போடுவார். ஒரு ஆள் வலம் எண்ண வேண்டும், மற்ற ஆள் இடம் எண்ண வேண்டும். வாய் திறக்கக் கூடாது. முடிவை உள்ளங்கையில் எழுதி மூட வேண்டும். பிறகு இருவரும் ஒன்றாகக் கையைத் திறக்க வேண்டும். ஒத்துவராவிட்டால் 'பிழை' என்று சொல்ல மாட்டார். "இன்னொருக்கா" என்பார். ஒத்துவந்தாலும் சில நாள் "இன்னொருக்கா" என்பார். அவருக்குச் சந்தேகம் சில்லில் இல்லை, எங்களில். வேணியர் அளவுகோலைத் தொடுவதற்கு முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். நான் கழுவினேனா என்று என் கையை மணந்து பார்ப்பார். எனக்குக் கோபம் வரும். "நானா, நான் என்ன பிரியாணியே?" என்று ஒரு நாள் கத்தினேன். "இன்னொருக்கா கழுவு, புள்ள" என்றார்.

அன்றும் அப்படித்தான். உடைந்த மூன்று பல்லின் இடத்தையும் இடைவெளியால் அளந்து சேர்த்து எண்ணினோம். கையைத் திறந்தோம். இரண்டிலும் முப்பத்தேழு.

குரூஸும் செபமாலையும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"சரியா எண்ணினீங்களோ?" என்றார் குரூஸ்.

"உங்கட வாயில எத்தினை பல்லெண்டும் எண்ணிச் சொல்லட்டோ?" என்றேன்.

"அதில்லைப் பிள்ளை. முப்பத்தேழு பாதியாகாதே."

செபமாலை கதிரையில் இருந்துவிட்டார். "அப்ப இவ்வளவு காலமும் ஒரு பல்லு ஆற்ற பக்கத்தில கூட இருந்தது?" என்றார்.

"உங்கட பக்கத்திலதான். அதாலதான் உங்கட வள்ளம் எப்பவும் லேசா ஏறினது" என்றார் குரூஸ்.

அங்கேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நானா இருவருக்கும் நடுவில் போய் நின்று, "சில்லில கை வைக்காதேங்கோ" என்றார். அவருக்கு அந்தக் கவலை.

அடுத்த நாள் வாசிகசாலையில் பொதுக்கூட்டம். விளக்கம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கடலில் வள்ளங்கள் ஆடிக்கொண்டிருக்க, உள்ளே சனம் பல்லைப் பங்கு போட்டது.

நான் எழும்பிச் சொன்னேன்: "பல்லு ஆருக்கும் சொந்தமில்லை. எல்லாப் பல்லும் எல்லா வள்ளத்தையும்தான் இழுக்கும்."

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: "அது சில்லுக்குத் தெரியும் மிஸ், சங்கத்துக்குத் தெரியாது."

முதல் யோசனை, கூட இருக்கிற ஒரு பல்லைக் கோயிலுக்கு நேர்ந்து விடுவது. அதை யார் போய்ச் சொல்வது என்று ஆளையாள் பார்த்தார்கள். இரண்டு பேர் போனார்கள். உடனே திரும்பி வந்தார்கள். பாதர் தனக்கு வேண்டாம் என்றாராம். வேறு ஏதோவும் சொன்னாராம், அதை அவர்கள் சபையில் சொல்லவில்லை.

இரண்டாவது யோசனை, முப்பத்தாறு. "குறைக்கிற பல்லு ஆற்ற பல்லு?" என்று செபமாலை கேட்டார். அதோடு அது முடிந்தது.

மூன்றாவதைக் குரூஸ் கொண்டுவந்தார். நன்றாக நினைவிருக்கிறது. மேசையில் தட்டிச் சொன்னார்: "குறைச்சால்தானே சண்டை? கூட்டுவம். முப்பத்தெட்டு. ஆளுக்குப் பத்தொன்பது."

கை தட்டினார்கள். நான் திரும்பவும் எழும்பினேன். "சில்லு மிசின் சாமான். கூட்டத்தில கூட்டேலாது. அளவு இருக்கு" என்றேன்.

"அளவைப் பாக்கத்தானே உங்களைக் கூப்பிட்டது" என்றார் குரூஸ். "முப்பத்தெட்டுக்கு விருப்பமான ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

தூக்கினார்கள். எல்லாரும் தூக்கினார்கள். குரூஸ் இரண்டு கையையும் தூக்கினார். "தலைவர், ஒராளுக்கு ஒரு கை" என்று செபமாலை கத்தினார். குரூஸ் ஒரு கையை இறக்கினார். எண்ணி முடிந்ததும் திரும்பத் தூக்கினார்.

நான் கோபத்தோடு பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். நானா சிரிக்கவில்லை.

"சரியா எண்ணினவங்களோ?"

"எதை, நானா?"

"கையை."

"ஓம், எண்ணினவை."

"அப்ப வெட்டுவம்."

அவருக்கு அது ஒரு ஓடர். அவ்வளவுதான்.

கணக்கை எல்லாருக்கும் விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். குரூஸுக்கும் விளங்கட்டும். முப்பத்தேழு ஒற்றை எண். ஆகவே ஒரு பல்லுக்கு நேர் எதிரில் பள்ளம் இருக்கும். நுனிக்கு நுனி அளக்க முடியாது. நடுவிலிருந்து நுனிவரை அளந்து இரட்டிக்க வேண்டும். எழுபத்தெட்டு வந்தது, இரட்டித்தால் நூற்றைம்பத்தாறு மில்லிமீற்றர். பல்லின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி அதால் பிரித்தால் நான்கு. பல்லின் பருமனைச் சொல்லும் எண் அது, மொடியூல் என்பார்கள். நான்கை முப்பத்தேழால் பெருக்கினால் நூற்று நாற்பத்தெட்டு. வின்ச்சுக்குள் கைப்பிடியோடு சுழன்று பெரிய சில்லைத் திருப்பும் சின்னச் சில்லின் பல்லும் பெரிய சில்லின் பல்லும் உருண்டு சந்திக்கும் வட்டத்தின் விட்டம் அது. பல் ஒன்று கூடினால் அந்த வட்டம் நூற்றைம்பத்திரண்டு ஆகிவிடும். அதாவது இரண்டு சில்லுக்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு மில்லிமீற்றர் கூட வேண்டும். தண்டுகள் நிற்பது வார்ப்பிரும்பில் துளைத்த ஓட்டையில். அதைச் சங்கம் எத்தனை கை தூக்கினாலும் தள்ள முடியாது.

நானும் நானாவும் கரைக்குப் போய் மூடியைக் கழற்றினோம். தண்டுக்குத் தண்டு நூற்றெட்டு மில்லிமீற்றர். சின்னச் சில்லையும் எண்ணிக்கொண்டு மூடினோம்.

தூரத்தை மாற்ற முடியாவிட்டால் பல்லை மாற்ற வேண்டும். வெட்டும் கட்டரைச் சாதாரண இடத்தில் வைக்காமல் சில்லின் நடுவை நோக்கி உள்ளே தள்ளினால், பல் கொஞ்சம் ஒல்லியாகும், ஆனால் பழைய தூரத்துக்குள் அடங்கும். இது எங்கள் தொழிலில் இருக்கிற வழிதான், நான் கண்டுபிடித்ததில்லை. எவ்வளவு தள்ளுவது என்பதுதான் கணக்கு. கோணத்தின் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். ஒன்று தசம் எட்டு ஐந்து மில்லிமீற்றர் வந்தது. நானா பார்த்தார். "இன்னொருக்கா." திரும்பவும் அதே எண். "இன்னொருக்கா." மூன்றாம் தரம் தாளைக் கிழித்துப் போட்டு முதலிலிருந்து போட்டேன். அதே எண். பிறகு வெளி விட்டத்தைப் பார்த்தால் நூற்றைம்பத்தாறு தசம் மூன்று. பழைய சில்லின் அளவேதான், ஒரு மயிரளவு கூட. நானா முதல் தரமாகச் சிரித்தார். "புள்ள, சனம் விசர்க் கூத்தாடினாலும் அளவு ஒத்துவருது" என்றார்.

பல் ஒல்லியாகும் என்பதால் வார்ப்பிரும்பு வேண்டாம், உருக்கு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதைத்தான் போட்டோம். பழைய சில்லின் நூற்றைம்பத்தாறுக்கே கடைந்து மில்லிங் மெசினில் ஏற்றினோம். பல்லுக்குப் பல் திருப்பும் தலையில் கைப்பிடியை நாற்பது சுற்றுச் சுற்றினால் சில்லு ஒரு முழுச் சுற்று. நாற்பதை முப்பத்தெட்டால் பிரித்தால், ஒரு சுற்றும் பத்தொன்பது துளை வட்டத்தில் ஒரு துளையும். துளைத் தட்டிலும் பத்தொன்பது என்று கண்டதும் குரூஸ் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

ஓம், குரூஸ் அங்கே நின்றார். செபமாலையும் நின்றார். தீர்மானப்படி வெட்டப்படுகிறதா என்று பார்க்கச் சங்கம் இருவரையும் அனுப்பியிருந்தது. ஒவ்வொரு பல்லாக வெளியே வந்தது.

"இது எங்கட" என்பார் குரூஸ்.

"இது எங்கட" என்பார் செபமாலை.

நடுவில் செபமாலை வெற்றிலை துப்பப் போய் வந்து, முறை தவறிவிட்டது என்று சண்டை பிடித்தார். கட்டரை நிறுத்தி, நானா சோக்கால் புள்ளி போட்டு இருவரையும் வலமும் இடமும் எண்ண வைத்தார். உள்ளங்கையில் எழுதித் திறக்கச் சொன்னார். ஒத்துவரவில்லை. "இன்னொருக்கா" என்றார். பட்டறையில் எனக்கு ஆறுதலாக இருந்த நேரம் அது ஒன்றுதான்.

வெட்டி முடிந்ததும் நான்கு பல்லைச் சேர்த்துக் கவ்வி அளந்தேன். நாற்பத்திரண்டு தசம் இரண்டு வர வேண்டும், வந்தது. எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். போகவில்லை. பெயின்ற் வாங்கி வந்திருந்தார்கள். மேற்குக்கு நீலம், கிழக்குக்குப் பச்சை. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பூசினார்கள். நான் கணக்குப் போட்டு வெட்டிய சில்லு பெருநாள் கொடி மாதிரி நின்றது.

காற்று அன்று பின்னேரமே தொடங்கிவிட்டது. கீரிக் கடற்கரைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. சில்லைப் போட்டுக் கைப்பிடியில் ஆட்கள் நின்றதும், செபமாலையின் தம்பியின் வள்ளம் அலையில் சரிந்து வந்தது. அதன் பின்பக்கத்தை முதுகால் தாங்கிக்கொண்டு குரூஸின் மூத்த மகன் கழுத்தளவு தண்ணீரில் நின்றான். கயிறு இறுகியது. அந்த நேரம் ஒரு பல் போயிருந்தால் வள்ளம் அவன்மேல் போயிருக்கும். நான் வள்ளத்தைப் பார்க்கவில்லை. மூடியைக் கழற்றி வைத்துச் சில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம், பச்சை, நீலம், பச்சை. ஒவ்வொன்றாக உள்ளே போய் வெளியே வந்தது. பெயின்ற் உரிந்து என் கால்மேல் விழுந்தது. வள்ளம் ஏறியது. பையனும் ஏறினான். குரூஸ் ஓடிவந்தார், மகனைப் பார்க்கவில்லை. "நீலம் எத்தினை பிடிச்சது?" என்று என்னைக் கேட்டார். அடிக்கத்தான் கை வந்தது. கையில் ஸ்பனர் இருந்தபடியால் விட்டேன்.

அதற்குப் பிறகு அந்தச் சில்லு ஒவ்வொரு வாடைக்கும் வேலை செய்தது. ஒரு பல்லும் போகவில்லை. புதிய வின்ச் வந்தபடியால் கழற்றினார்களே தவிர, உடைந்ததால் இல்லை.

இப்போது நானா மௌத்தாகிவிட்டார். செபமாலை கனடாவில் மகளோடு இருக்கிறார். நடந்ததைச் சொல்லும்படி போனில் எழுதிக் கேட்டேன். அந்தோனியார் படம் போட்ட காலை வணக்கம் ஒன்று அனுப்பினார். திரும்பக் கேட்டேன். பூங்கொத்து அனுப்பினார். சாட்சி இல்லை என்ற துணிவில்தான் குரூஸ் மைக்கைப் பிடித்தார்.

சாட்சி இருக்கிறது. டிலக்சன், அந்தச் சில்லு உம்முடைய பட்டறையில்தான் கிடக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுக் கிறீஸைத் துடையும். பல்லின் அடியில் பாரும், உராயாத இடத்தில் பெயின்ற் இன்னும் இருக்கும். ஒன்றுவிட்டு ஒன்றாக, பத்தொன்பது நீலம், பத்தொன்பது பச்சை. கணக்குப் பிழைத்த பொம்பிளை ஒரு பல்லைக் கூட வெட்டினால், சங்கம் ஏன் அதைச் சரிபாதியாகப் பிரித்துப் பெயின்ற் பூசியது? இதைத் தலைவரிடம் கேளும். இந்த முறை மைக்குக்கு முன்னால் கேளும்.

இன்னொன்றும் இருக்கிறது. இவ்வளவு காலமும் சொல்லவில்லை. நானா சொல்ல வேண்டாம் என்றார். அன்று கரையில் மூடியைக் கழற்றிச் சின்னச் சில்லையும் எண்ணினோம் என்றேனே. நானா வலம், நான் இடம். உள்ளங்கையில் எழுதி ஒன்றாகத் திறந்தோம். இரண்டிலும் பதினேழு. வாசிகசாலைப் பக்கம் இன்னும் கை தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என் கையைப் பார்த்தார், நான் அவர் கையைப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் அவர் "இன்னொருக்கா" என்று சொல்லவில்லை. "மூடு புள்ள, மூடு" என்றார்.

மூடினேன். நான் வாயையும் மூடிக்கொண்டிருந்தபடியால்தான் உங்கள் வள்ளங்கள் ஏறின.

குரூஸ் அண்ணை, வருகிற பொதுக்கூட்டத்தில் முதல் வரிசையில் இருப்பேன். அதே மைக்கில், அதே சனத்துக்கு முன்னால் இரண்டு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டுக்கு இரண்டு கையையும் தூக்கினது யார்? சின்னச் சில்லின் பதினேழாவது பல் மேற்குக்கா, கிழக்குக்கா?